ஜோக் அடிக்கவே வராதவருக்கு இம்ப்ராவ் எதுக்கு?

கேட்ட கேள்வி சுருக்கமா இதுதான்: ஆபீஸ்ல ரெண்டு நாள் இம்ப்ராவ் காமெடி டிரெய்னிங்னு மெயில் வந்திருக்கு, எனக்கு கூச்ச சுபாவம், நான் ஜோக் சொன்னா எனக்கே சிரிப்பு வராது, மேடையில நின்னு கூத்தடிக்கிறதுக்கும் நான் பாக்குற வேலைக்கும் என்ன சம்பந்தம், போகவா இல்ல அன்னிக்கு ஜுரம்னு சொல்லிடவா?

ஜுரத்த வேற நாளைக்கு வச்சுக்கோங்க, இதுக்கு போங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

என்ன பத்தி ரெண்டு வரி. பகல்ல ஒரு கஸ்டமர் சப்போர்ட் டீம பாத்துக்குறேன், வாரக் கடைசில ஏழெட்டு வருஷமா ஒரு சின்ன இம்ப்ராவ் குரூப்ல ஆடிட்டு வரேன். பெரிய ஆர்ட்டிஸ்ட்லாம் இல்ல, எங்க குரூப்ல சிரிப்பு வேணும்னா அதுக்கு வேற ரெண்டு பேர் இருக்காங்க. மொதல்ல இம்ப்ராவ் கிளாஸ் போறேன்னு சொன்னப்ப வீட்ல எல்லாரும் அத இம்ப்ரூவ்னு கேட்டுட்டு "நல்லது, எத இம்ப்ரூவ் பண்ணப் போற?"ன்னாங்க. பாக்கப்போனா அந்தக் கேள்விக்குத்தான் இப்ப பதில் எழுதிட்டு இருக்கேன்.

தெரியாதவங்களுக்காக: இம்ப்ராவ்ல ஸ்கிரிப்ட் கிடையாது, ஒத்திகை பாத்த வசனம் கிடையாது. ஆடியன்ஸ்ல யாராவது ஒரு வார்த்தை குடுப்பாங்க, அத வச்சு ரெண்டு மூணு பேர் அந்த இடத்துலயே ஒரு ஸீன உண்டாக்கணும். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு "எப்படிடா இவ்ளோ ஸ்பீடா யோசிக்கிறாங்க"ன்னு தோணும். உள்ள நடக்குறது வேற. அங்க வேகமா யோசிக்கிறவன் பொழைக்க மாட்டான், ஒழுங்கா காது குடுத்து கேக்குறவன்தான் பொழைப்பான். இத நான் அசிங்கப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

மொத கிளாஸ். ரெண்டு ரெண்டு பேரா ஸீன் பண்ணணும். என் முறை வர்றதுக்கு முன்னாடியே ஓரமா நின்னு பேங்க் கொள்ளை பத்தி ஒரு சூப்பர் ஜோக்க மனசுல ரெடி பண்ணி வச்சுட்டேன். எனக்கு ஜோடியா வந்த அம்மா வலது கைய மெதுவா தூக்கி காதுகிட்ட வச்சு, நெஜமாவே கவலையா, "டாக்டர், மூணு நாளா என் கைக்குள்ள இருந்து ரேடியோ சத்தம் வருது"ன்னாங்க. நான் உடனே "நான் டாக்டர் இல்லீங்க, இது பேங்க்"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் அவங்க தூக்கின கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம அப்படியே நிக்கிறாங்க, எனக்கும் அடுத்து என்னன்னு தெரியல, ஸீன் அங்கயே செத்துப்போச்சு. டீச்சர் திட்டல. "அவங்க சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டாரு. எனக்கு "டாக்டர்"ங்கிறத தவிர ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கை, ரேடியோ, மூணு நாள், எதுவும் காதுலயே ஏறல, ஏன்னா நான் என் ஜோக்க புடிச்சுக்கிட்டு அது நழுவிடாம காவல் காத்துட்டு இருந்தேன்.

வீட்டுக்கு போற வழில எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஏன்னா திங்கக்கிழமை மீட்டிங்ல நான் பண்றதும் அச்சு அசல் இதே வேலதான். அடுத்தவங்க அப்டேட் சொல்றப்ப நான் என் அப்டேட்ட மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு இருப்பேன், பக்கத்து சீட்காரர் பேசி முடிச்சதும் டக்குனு என் பாட்டுக்கு ஆரம்பிப்பேன். அவர் என்ன சொன்னாருன்னு கேட்டா முழிப்பேன்.

அந்த டீச்சர் அடுத்த வாரம் குடுத்த பயிற்சி ஒண்ணு இருக்கு, எனக்கு தெரிஞ்சு ஆபீஸ் வேலைக்கு இதவிட பெரிய மருந்து இல்ல. எதிர்ல இருக்கவர் பேசி முடிக்கிற கடைசி வார்த்தைய எடுத்து, அதுல இருந்துதான் உங்க வாக்கியத்த ஆரம்பிக்கணும். அவ்ளோதான். நம்மாளுங்களுக்கு இது புதுசு இல்ல, அந்தாதிதான், ஒரு பாட்டு முடிஞ்ச சொல்லுலயே அடுத்த பாட்டு தொடங்கும்ல, அதே சங்கதி. பண்ணிப் பாருங்க, ஒரு நிமிஷத்துல நாக்கு தள்ளிடும். நடுவுலயே பதில ரெடி பண்ண முடியாது, கடைசி சொல் என்னன்னு தெரியாதே!

தமிழ்ல இது இன்னும் முக்கியம்னு எனக்கு ஒரு எண்ணம். நம்ம வாக்கியத்துல வினை கடைசிலதான வரும். "அந்த ஃபைல நேத்தே கிளையண்ட்டுக்கு அனுப்பி"ன்னு ஒருத்தர் இழுக்குறப்ப அது "அனுப்பிட்டேன்"ல முடியலாம், "அனுப்பியிருக்கணும்"ல முடியலாம், "அனுப்பியிருந்தா இந்த பிரச்சனையே வந்திருக்காது"ல கூட முடியலாம். நடுவுல வெட்டிட்டு உள்ள பூந்தா அவர் அனுப்பினாரா இல்லையாங்கிற விஷயமே நமக்கு தெரியாது. ஆனா நாம எல்லாரும் வெட்டிட்டுத்தான் பூருறோம்.

எங்க டீம்ல நடந்தது ஒண்ணு. ஒரு கஸ்டமர் லைன்ல வராரு, குரல் நடுங்குது கோவத்துல. "மூணு தடவ கம்ப்ளெய்ன்ட் போட்டாச்சு, ஒவ்வொரு தடவயும் புதுசா ஒருத்தர் வந்து மொதல்ல இருந்து கேக்குறீங்க, பணம் திரும்ப வருதோ இல்லையோ, யாராவது ஒருத்தர் நான் எழுதினத முழுசா படிங்க"ன்னாரு. லைன்ல இருந்த தம்பி நல்ல பையன், வேகமான பையன், "பணம்"ங்கிற வார்த்தை காதுல விழுந்த உடனே ரீஃபண்ட் ஸ்கிரீன தொறந்துட்டான், "ரீஃபண்ட் ப்ராசஸ் பண்ணிடுறேன் சார்"ன்னான். மனுஷன் வெடிச்சுட்டாரு. தம்பிக்கு புரியவே இல்ல, "பணம் தரேன்னுதானண்ணா சொன்னேன், அதுக்கு ஏன் கத்துறாரு"ன்னு என்கிட்ட வந்தான். அவர் சொன்ன கடைசி வார்த்தை என்னன்னு கேட்டேன். ரெக்கார்டிங்க போட்டு கேட்டோம். "படிங்க". நான் அவருக்கு திருப்பி கூப்பிட்டு, "படிக்கிறேன் சார், மூணு டிக்கெட்டும் இப்ப என் முன்னாடி இருக்கு, மொத டிக்கெட்ல நீங்க எழுதினத வாசிக்கிறேன், எங்கயாவது தப்பா புரிஞ்சுக்கிட்டா நிறுத்துங்க"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டாவது டிக்கெட் வாசிக்கிறப்பவே குரல் இறங்கிடுச்சு. ரீஃபண்ட்லாம் அப்புறம் தானா முடிஞ்சுது. நான் ஜோக் எதுவும் அடிக்கல, நடிக்கவும் இல்ல. ஆனா அன்னிக்கு பண்ணது முழுக்க முழுக்க இம்ப்ராவ்தான்.

இன்னொன்னு, இந்த விளையாட்டெல்லாம் காமெடிக்காக பொறந்ததே இல்ல. வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா, 1920கள்ல சிகாகோல குடியேறி வந்த மக்களுக்காக நடந்த ஹல் ஹவுஸ்ங்கிற இடத்துல நீவா பாய்ட்ங்கிற டீச்சர்கிட்ட விளையாட்டு வழியா சொல்லிக்குடுக்குற முறைய கத்துக்கிட்டாங்க. அப்புறம் 1930கள் கடைசில அரசு வேலைத்திட்டம் ஒண்ணுல நாடகப் பொறுப்புல இருந்தப்ப, வேற வேற நாட்டுல இருந்து வந்து வேற வேற மொழி பேசுற பசங்களையும் பெரியவங்களையும் ஒண்ணா சேத்து நடிக்க வைக்கணும், லெக்சர் அடிச்சா வேலைக்கு ஆகாது, அதனால விளையாட்டுகளா உருவாக்குனாங்க. 1963ல அதெல்லாம் புத்தகமா வந்துச்சு. அவங்க மகன் பால் சில்ஸ்தான் 1955ல காம்பஸ் பிளேயர்ஸ் குழுவையும், 1959 டிசம்பர்ல செகண்ட் சிட்டிங்கிற காமெடி தியேட்டரையும் தொடங்குனவங்கள்ல ஒருத்தர், காமெடி அங்க வந்துதான் ஒட்டிக்கிச்சு. அதே செகண்ட் சிட்டி இன்னிக்கு கம்பெனிகளுக்கு டிரெய்னிங் குடுக்க தனிப் பிரிவே வச்சிருக்கு. ஒருத்தருக்கொருத்தர் பாஷையே தெரியாத ஆளுங்க ஒரே ரூம்ல வேல செய்யறதுக்காக வந்த விளையாட்டு, சேல்ஸும் இன்ஜினியரிங்கும் உக்காருற ரூமுக்கு பொருந்தாம போகுமா என்ன.

ஸ்போலின் விடாம சொன்ன ஒண்ணு எனக்கு ரொம்ப புடிக்கும். மத்தவங்க ஆஹான்னு சொல்வாங்களா, சீச்சின்னு சொல்வாங்களான்னு எதிர்பாத்துட்டே இருக்குற மனசுக்கு சுயமா எதுவும் தோணாதுன்னு அவங்க நெனச்சாங்க. அதனால ஆட்டத்த நிறுத்தி மார்க் போட மாட்டாங்க, ஆட்டம் ஓடிட்டு இருக்கப்பவே ஓரத்துல இருந்து "அந்த கப்ப நெஜமா பாரு", "இன்னும் சத்தமா"ன்னு சின்னச் சின்னதா குரல் குடுப்பாங்க. சைட் கோச்சிங்னு பேரு. நான் டீம்ல புது ஆளுங்களுக்கு இதத்தான் பண்றேன். கால் முடிஞ்சப்புறம் பதினஞ்சு பாயிண்ட் ஃபீட்பேக் குடுக்குறதுக்கு பதிலா, கால் ஓடுறப்பவே சாட்ல ரெண்டே வார்த்த: "நிறுத்தி கேளு", "தேதி கேளு". வருஷக் கடைசி அப்ரைசல்ல எட்டு மாசத்துக்கு முன்னாடி நடந்தத தோண்டி எடுத்து சொல்றதால யாராவது திருந்தி நான் பாத்ததில்ல.

சரி, இப்ப "யெஸ் அண்ட்". டிரெய்னிங்ல மொத நாள் காலைலயே இத போர்டுல எழுதுவாங்க, எழுதிட்டு பாதிப் பேர் தப்பா சொல்லிக்குடுப்பாங்க. எதிர்ல இருக்கவர் சொன்னத ஏத்துக்கோ, அதுக்கு மேல ஒண்ணு சேரு, இதான் விஷயம். நான் இத "எல்லாத்துக்கும் சரின்னு சொல்லணும்"னு புரிஞ்சுக்கிட்டு கொஞ்ச நாள் ஆபீஸ்ல சுத்துனேன் பாருங்க, அந்த மூணு மாசம் என் டீம் என்ன மனசுக்குள்ள எவ்ளோ திட்டுச்சுன்னு எனக்கு தெரியாது, நல்லவேளை தெரியாது. ஒரு கிளையண்ட் கேட்ட மூணு புது விஷயத்துக்கும் மீட்டிங்லயே "கண்டிப்பா, அதோட இதையும் சேத்துத் தரோம்"னு அள்ளி விட்டேன். ரெண்டு வாரம் ராத்திரி பகலா உக்காந்தும் முடியல, கடைசில நான்தான் போயி கைய பிசைஞ்சுக்கிட்டு நின்னேன்.

எங்க குரூப்ல ஒரு சீனியர்கிட்ட புலம்புனப்ப அவங்க ஒரு ஸீன் வச்சு விளக்குனாங்க. மகன் வந்து "அப்பா, கார் சாவி குடுங்க"ங்கிறான். அப்பா "எந்த கார்? நம்மகிட்ட ஏதுடா கார்"ன்னா, அது மறுப்பு, மகன் கட்டுன வீட்ட இடிச்சாச்சு. அதே அப்பா "குடுக்க மாட்டேன், போன தடவ நீ எடுத்துட்டுப் போயி கதவு ஒண்ணு கம்மியா கொண்டு வந்த"ன்னா? வாய் இல்லைன்னுதான் சொல்லுது. ஆனா கார் இருக்கு, நீ என் மகன், நீ ஓட்டுற லட்சணம் எனக்கு தெரியும், எல்லாத்தையும் ஏத்துக்கிட்டு மேல ஒரு கதவையும் கழட்டி வச்சாச்சு, ஸீன் பிச்சுக்கிட்டு போகும். ஏத்துக்க வேண்டியது எதிராளி காட்டுற நெலமைய. அவங்க கேக்குறத தூக்கி குடுக்கணும்னு எந்த ரூலும் இல்ல.

இத புரிஞ்சுக்கிட்டதும் என் பேச்சே மாறிடுச்சு. மேனேஜர் "இந்த ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வேணும்"னா, முன்னாடி "இல்ல சார், ஆனா டீம்ல ரெண்டு பேர் லீவு"ன்னு தடுப்பாட்டம் ஆடுவேன், இல்லன்னா பல்ல கடிச்சுக்கிட்டு சரின்னுவேன். இப்ப "வெள்ளிக்கிழமை உங்களுக்கு யார்கிட்டயோ காட்ட வேண்டியிருக்கு போல, அவங்க எந்த பக்கத்த பாப்பாங்க சார்?"னு கேக்குறேன். பாதி நேரம் ரெண்டே பக்கம்தான் வேணும்னு வரும். அந்த ரெண்டு பக்கம் வெள்ளிக்கிழமை, மிச்சம் அடுத்த புதன். முடியாதுங்கிற வார்த்தையே வரல, ஆனா முடியாதத நான் ஒத்துக்கவும் இல்ல.

அதே மூச்சுல ஒரு எச்சரிக்கை. சில பெரிய மனுஷங்க டிரெய்னிங் முடிஞ்சு வந்து "இம்ப்ராவ் ரூல் தெரியும்ல, நோ சொல்லக்கூடாது"ன்னு இத சாட்டையா எடுத்துப்பாங்க. மேடையில அந்த ரூல் ரெண்டு பேருக்கும் சமம், ஆபீஸ்ல ஒருத்தர் கைல மத்தவரோட சம்பளம் இருக்கு. ஒருபக்க "யெஸ்"ஸுக்கு இம்ப்ராவ்னு பேர் கிடையாது.

அதிகாரம்னு வந்ததால கீத் ஜான்ஸ்டன்ங்கிற இம்ப்ராவ் டீச்சர் பத்தி சொல்லியே ஆகணும். லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர்ல வேல பாத்தவரு, அப்புறம் கனடா போயி கேல்கரில லூஸ் மூஸ் தியேட்டர தொடங்குனவங்கள்ல ஒருத்தர், 1979ல இவரோட புத்தகம் வந்துச்சு, 2023ல காலமானாரு. நடிகருங்க சாதாரணமா ரெண்டு பேர் பேசிக்கிற ஸீன் பண்ணா மரக்கட்டை மாதிரி இருக்குதேன்னு இவருக்கு ஒரு குறை. ஒரு நாள், உங்க அந்தஸ்த எதிராளிய விட ஒரே ஒரு துளி மேலயோ கீழயோ வச்சுக்கோங்கன்னாரு, ஸீன்ல உயிர் வந்துடுச்சு. ஸ்டேட்டஸ்னு இவர் சொல்றது பதவிய இல்ல, அந்த நிமிஷம் நீங்க நடந்துக்குற விதத்த. தலைய ஆட்டாம பேசுறது, வாக்கியத்துக்கு நடுவுல அவசரப்படாம நிறுத்துறது இதெல்லாம் ஏத்தம். முகத்த தொட்டுக்கிட்டே பேசுறது, "அது வந்து"ன்னு குட்டி குட்டியா ஆரம்பிக்கிறது இறக்கம். முதலாளி இறக்கத்துல ஆடலாம், ஆபீஸ் பாய் ஏத்தத்துல ஆடலாம், ரெண்டுமே நாம தினம் பாக்குறதுதான்.

இதுக்கு ஒரு சீட்டு விளையாட்டு உண்டு. ஆளுக்கு ஒரு சீட்ட நெத்தில ஒட்டிக்கணும், உங்க சீட்டு உங்களுக்கு தெரியாது, மத்தவங்களுக்கு தெரியும், ராஜான்னா பணிவா பேசுவாங்க, ரெண்டுன்னா கண்டுக்கவே மாட்டாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு உங்க சீட்டு என்னன்னு கேட்டா பெரும்பாலும் எல்லாரும் கிட்டத்தட்ட சரியா சொல்லிடுவாங்க. எனக்கு ஒரு தடவ மூணு வந்துச்சு. நான் பேச வாய தொறந்தாலே எல்லாரும் வேற பக்கம் திரும்புறாங்க. விளையாட்டுதான், தெரியும், ஆனாலும் நாலாவது நிமிஷம் தோள் சுருங்கி செவுத்தோரமா போயி நின்னுட்டேன். அன்னிக்குத்தான் எங்க டீம்ல மீட்டிங்ல வாயே தொறக்காத ஒரு பொண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு ஐடியா இல்லன்னு நாங்களா முடிவு பண்ணி வச்சிருந்தோம். நெத்தில சீட்ட ஒட்டுனது நாங்கதான்.

அதுக்கப்புறம் நான் வேணும்னே ஏத்தி இறக்கி ஆடுறேன். புது ஆளுகிட்ட பேசறப்ப இறக்கம், மொத வாரத்துல நானே ஒரு கஸ்டமருக்கு இன்னொரு கஸ்டமரோட மெயில அனுப்பின கதைய முதல்ல எடுத்து விடுவேன், அப்புறம் பாருங்க, அவங்க கேள்வி கேக்க ஆரம்பிப்பாங்க. சர்வர் படுத்து நாலு டீம் ஒரே கால்ல கத்திட்டு இருக்கப்ப இறக்கம் ஆகாது, அங்க முதுக நிமித்தி, மெதுவா, "அடுத்த 10 நிமிஷம் ஒவ்வொருத்தரா பேசுவோம், மொதல்ல நீங்க"ன்னு ஏத்தத்துல ஆடணும். தமிழ்ல நமக்கு இதுக்கு வசதி ஜாஸ்தி, ஒரு "ங்க" போட்டா ஒரு படி, எடுத்தா ஒரு படி. "என்ன ஆச்சு", "என்னங்க ஆச்சு", "என்ன ஆச்சுப்பா", மூணும் ஒரே கேள்வி, மூணுலயும் நான் நிக்கிற எடம் வேற. எந்த எடத்துல நிக்கிறோம்னு தெரிஞ்சு நின்னா போதும், பல பேர் பழக்க தோஷத்துல ஒரே எடத்துல வருஷக்கணக்கா நிக்கிறாங்க.

ஜான்ஸ்டன் சொன்ன இன்னொரு விஷயம் உங்கள மாதிரி ஆளுக்குன்னே சொன்னது. புத்திசாலித்தனமா பேச முயற்சி பண்ணாதீங்க, கண்ணுக்கு முன்னாடி தெரியறத சொல்லுங்க, சராசரியா இருங்க. உங்களுக்கு வெளிப்படையா தெரியறது மத்தவங்களுக்கு தெரியணும்னு அவசியம் இல்ல, அதனால அது புதுசாத்தான் கேக்கும். மீட்டிங்ல எல்லாரும் ஒன்றர மணி நேரமா ஒரு டேஷ்போர்டோட கலர பத்தி பேசிட்டு இருந்தப்ப, ஓரமா உக்காந்திருந்த ஒருத்தர் "இத தினமும் தொறந்து பாக்கப் போறது யாருங்க?"ன்னாரு. ரூமே அமைதி. யாருக்கும் பதில் தெரியல. அந்த கேள்வி கேக்க பெரிய அறிவு வேணாம், இது கூட தெரியாதான்னு நெனச்சுடுவாங்களோங்கிற பயம் இல்லாம இருந்தா போதும்.

தப்பு நடந்தா கொண்டாடணும்னு சொல்வாங்க, கை தட்டி "ஹே, நான் சொதப்பிட்டேன்"ன்னு ரெண்டு கையும் தூக்கி கத்தச் சொல்வாங்க. இதுல எனக்கு பாதி சம்மதம். மேடையில ஒருத்தர் என்ன தப்பான பேர் சொல்லி கூப்பிட்டா, சரி எனக்கு ரெண்டு பேரு, ரெண்டு வாழ்க்கைன்னு ஸீன் அங்க போயிடும், தப்பே வரமா மாறிடும். கணக்குல ஒரு சைபர் கூட விழுந்தா அது வரம் இல்லீங்க, அது தப்பு, திருத்தணும். ஆனா தப்ப மறைக்காம உடனே சொல்ற பழக்கம் இருக்கு பாருங்க, அது இந்த கைதட்டல்ல இருந்து வரும். ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்கள ஆராய்ச்சி பண்ணப்ப, நல்லா நடக்குற டீம்லதான் மருந்து தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. மொதல்ல அவங்களுக்கே குழப்பம். அப்புறம்தான், அங்கல்லாம் தப்ப வெளிய சொல்றாங்க, மத்த எடத்துல அமுக்கிடுறாங்கன்னு புரிஞ்சுது. 1999ல சைக்கலாஜிக்கல் சேஃப்டின்னு, அதாவது டீம்ல பயப்படாம தப்பையும் சந்தேகத்தையும் வெளிய சொல்ல முடியறத பத்தி, அவங்க எழுதினது இந்த வழில வந்ததுதான்.

என் டெமோ கதையும் இங்க சேரும். பெரிய கிளையண்ட், ஸ்கிரீன்ல லைவா காட்டிட்டு இருக்கேன், பட்டன அழுத்துனா வெள்ள பக்கம். பழைய நானா இருந்தா "ஒரு நிமிஷம், நெட்வொர்க் போல"ன்னு அஞ்சு தடவ ரெஃப்ரெஷ் பண்ணி வேர்த்து ஊத்தியிருப்பேன். அன்னிக்கு எப்படியோ வாயில "இப்ப நீங்க பாக்குறது உங்க ஆளுங்க மாசத்துக்கு ஒரு தடவயாவது பாக்கப்போற பக்கம், இது வந்தா என்ன பண்ணணும்னு காட்டுறேன்"னு வந்துச்சு, அங்க இருந்தே சப்போர்ட் டிக்கெட் போட்டு, எங்க டீம் எடுத்து பதில் சொல்றத நேர்ல காட்டிட்டேன். பக்கம் அப்பவும் வரல. ஆனா கேள்வி எல்லாம் சப்போர்ட் பத்தியே வந்துச்சு. இத நான் முன்னாடியே பிளான் பண்ணி வச்சிருந்தா இவ்ளோ நல்லா வந்திருக்காது, அதே சமயம் எங்க சப்போர்ட் ஃப்ளோ எனக்கு தலைகீழ் பாடமா இல்லன்னாலும் வந்திருக்காது. இம்ப்ராவ்னா தயாரிப்பு வேணாம்னு நெனைக்கிறவங்க இத கவனிக்கணும், சரக்கு இருக்கவன்தான் திசை மாத்த முடியும்.

இதெல்லாம் நெஜமா வேல செய்யுதுன்னு ஆராய்ச்சி இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா அளவா நம்புங்க. 2020ல வந்த ஒரு ஆய்வுல வெறும் 20 நிமிஷம் இம்ப்ராவ் பண்ணவங்க, அதே மாதிரி ஸ்கிரிப்ட் வச்சு பண்ணவங்கள விட பல கோணத்துல யோசிக்கிறதுலயும், அடுத்து என்னன்னு தெரியாத நெலமைய தாங்குறதுலயும், மனநெலைலயும் கொஞ்சம் முன்னேறியிருந்தாங்க. அந்த ஆய்வு பாத்தது அந்த 20 நிமிஷத்துக்கு அடுத்த நேரத்தத்தான். நடிகர் ஆலன் ஆல்டா விஞ்ஞானிகளுக்கு ஸ்போலினோட கண்ணாடி விளையாட்டையே சொல்லிக்குடுத்தாரு, ஒருத்தர் அசைவ இன்னொருத்தர் கண்ணாடி மாதிரி அப்படியே பண்ணணும், முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது. 2009ல ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல அறிவியல எடுத்துச் சொல்ல பழக்குறதுக்குன்னே ஒரு மையம் வர்றதுக்கு அவரும் காரணம். கண்ணாடி விளையாட்டோட சூட்சுமம் என்னன்னா, எதிராளி பின்னாடி வரலன்னா தப்பு முன்னாடி போறவன் மேலதான், நீ வேகமா போயிட்ட. புரியாத ஆளுக்கு விளக்கம் சொல்ற எல்லாருக்கும் இது பொருந்தும்.

என் அனுபவத்துல ரெண்டு நாள் டிரெய்னிங் சரக்கு ரெண்டு வாரம் நிக்கும், அதுக்கு மேல பழகுனாத்தான். டீமா சேர்ந்து பண்ண ஆசையிருந்தா மீட்டிங்குக்கு முன்னாடி ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் எண்ணுங்க, யார் வேணா அடுத்த எண்ண சொல்லலாம், ரெண்டு பேர் ஒரே நேரத்துல சொல்லிட்டா மறுபடி ஒண்ணுல இருந்து. மொத வாரம் ஏழ தாண்ட மாட்டீங்க. தனியா பண்ணணும்னா அந்த அந்தாதி போதும், தினம் ஒரே ஒரு பேச்சுல, யாருக்கும் சொல்லாம.

டிரெய்னிங் அன்னிக்கு மொத அரை மணி நேரம் கொடுமையா இருக்கும், வட்டமா நிக்க வச்சு இல்லாத பந்த தூக்கிப்போட்டு புடிக்கச் சொல்வாங்க, உங்களுக்கு ஏன்டா வந்தோம்னு இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், கலகலன்னு சிரிக்கிறவங்களுக்கு ரெண்டு மடங்கு. உண்மையிலயே முடியலன்னா "இந்த ரவுண்டு நான் பாக்குறேன்"னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, அதுக்கு முகம் சுளிக்கிற டிரெய்னர் நல்ல டிரெய்னர் இல்ல. உங்கள மாதிரி கூச்சப்படுறவங்களுக்கு ஒரு சாதகம் உண்டு, பேசறத விட கேட்டுத்தான் உங்களுக்கு பழக்கம். என்ன மாதிரி ஜோக்க ரெடி பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறவன் அந்த எடத்துக்கு வர ஒரு வருஷம் ஆகும்.

ரெண்டாவது நாள் எப்படியும் ஒரு ஸீனுக்கு நிக்க வச்சுடுவாங்க. அப்ப எதையும் யோசிச்சுட்டு போகாதீங்க. எதிர்ல இருக்கவர் தன் கைக்குள்ள இருந்து ரேடியோ சத்தம் வருதுன்னு சொன்னாருன்னா, கொஞ்சம் குனிஞ்சு, காத அந்த கைகிட்ட கொண்டு போயி, எந்த ஸ்டேஷன்னு கேளுங்க.